வீட்டில் கோபம், வெளியே தியானம்!

"நிம்மதி இல்லை."

இந்தச் சொல்லைச் சொல்லாத மனிதர் இல்லை. கடை முதலாளி சொல்கிறார். அவர் கடையில் மூட்டை தூக்குகிறவரும் சொல்கிறார். பள்ளிக்கூடம் போகும் பையன்கூடச் சொல்கிறான்!

நிம்மதியைத் தேடிப் பலர் ஊர் ஊராகப் போகிறார்கள். சிலர் கோவிலுக்குப் போகிறார்கள். சிலர் மலைக்குப் போகிறார்கள். சிலர் பணம் கட்டி, மூன்று நாள் முகாமில் சேர்ந்து, கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள்.

போய் வருவது தவறு அல்ல. மனதுக்கு ஒரு மாறுதல் வேண்டும். ஆனால், திரும்பி வந்த பிறகு என்ன நடக்கிறது?

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "காப்பி எங்கே?" என்று ஓர் அதட்டல். "மோட்டாரை ஏன் நிறுத்தவில்லை?" என்று ஒரு கத்தல். மூன்று நாள் சேர்த்த நிம்மதி, மூன்று நிமிடத்தில் போய்விடுகிறது!

காரணம் என்ன?

நிம்மதி என்பது வீட்டில் அன்றாடம் பொங்கவேண்டிய சோறு. நேற்றுப் பொங்கியது இன்றைக்கு உதவாது. ஒருவர் மட்டும் வெளியூரில் சாப்பிட்டுவிட்டு வந்தால், வீட்டில் இருப்பவர்களின் பசி தீராது.

காய் நறுக்கிய ரமணர்

1896-ம் ஆண்டில் 16 வயதுப் பையன் ஒருவர், மதுரையில் இருந்து திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார். பிறகு அந்த ஊரைவிட்டு அவர் வெளியே போகவே இல்லை. 1950-ம் ஆண்டில் அங்கேயே காலமானார். அவர்தான் ரமண மகரிஷி.

ரமணர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது, அவர் பேசாமல் அமர்ந்திருக்கும் படம்தான். ஆனால், அவர் ஆசிரமத்துச் சமையல் அறையிலும் பல ஆண்டுகள் வேலை செய்தார். விடியும் முன்பே எழுந்து காய் நறுக்கினார். சமையலிலும் கை கொடுத்தார்.

தம்மைத் தேடி நாலாபக்கமும் இருந்து மக்கள் வந்த காலத்திலும், "காய் நறுக்குவது நம் வேலை அல்ல" என்று அவர் ஒதுங்கவில்லை.

நிம்மதிக்கும் அரிவாள்மணைக்கும் பகை இல்லை என்பது இதில் இருந்து தெரிகிறது. வேலையை விட்டு ஓடினால்தான் அமைதி என்பது தவறான எண்ணம்.

பூனையின் வயிறு

கோபம் வந்தால் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் கேனன் என்ற அறிஞர் இருந்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட புதிதில், அவர் பூனைக்கு உணவு கொடுத்து, அதன் வயிறு எப்படி வேலை செய்கிறது என்று எக்ஸ்ரே மூலம் பார்த்தார்.

வயிறு அசைந்து அசைந்து உணவைச் செரித்துக்கொண்டு இருந்தது. பூனைக்குப் பயமோ, கோபமோ வந்ததும் அந்த அசைவு சட்டென்று நின்றுவிட்டது! பூனையைத் தடவிக் கொடுத்து அமைதிப்படுத்திய பிறகு, வயிறு மறுபடியும் வேலை செய்யத் தொடங்கியது.

கேனன் மேலும் ஆராய்ந்தார். 1915-ம் ஆண்டில் அதைப் புத்தகமாக வெளியிட்டார். பயமும் கோபமும் வரும்போது, 'அட்ரீனலின்' என்ற நீர் ரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. செரிமானம் நிற்கிறது. ஒன்று சண்டை போடவேண்டும், அல்லது ஓடிப் பிழைக்கவேண்டும். அதற்காக உடம்பு செய்யும் ஏற்பாடு இது.

காட்டில் புலி எதிரே வந்தால், இந்த ஏற்பாடு உயிரைக் காப்பாற்றும்.

ஆனால், இன்று வீட்டில் புலி வருவது இல்லை. சாம்பாரில் உப்புக் கூடிவிடுகிறது, அவ்வளவுதான். அதற்கும் உடம்பு அதே ஏற்பாட்டைச் செய்கிறது! இதயம் படபடக்கிறது. வயிறு வேலையை நிறுத்துகிறது. கோபத்தோடு சாப்பிட்ட சோறு, செரிக்காமல் கிடக்கிறது.

தினமும் மூன்று வேளையும் சத்தம் போடுகிறவர், தினமும் மூன்று புலிகளைப் பார்க்கிறார் என்று அர்த்தம். எந்த உடம்பு தாங்கும்?

நாற்காலியின் விளிம்பு

சான்பிரான்சிஸ்கோ நகரில் பிரீட்மன், ரோசன்மன் என்ற இரண்டு இதய டாக்டர்கள் இருந்தார்கள். அவர்களைப் பார்க்க வந்த நோயாளிகள் உட்காரும் நாற்காலிகளுக்கு, புதுத் துணி தைக்கவேண்டி இருந்தது. வேலைக்கு வந்த தொழிலாளி ஒரு வேடிக்கையைக் கவனித்தார். நாற்காலிகளின் முன் விளிம்பு மட்டும் தேய்ந்து இருந்தது! சாய்ந்து உட்காரப் பொறுமை இல்லாமல், எல்லோரும் விளிம்பிலேயே உட்கார்ந்து இருக்கிறார்கள்.

இருவரும் இந்த அவசரத்தைப் பற்றி ஆராய்ந்தார்கள். 1959-ம் ஆண்டில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். எந்நேரமும் அவசரம், போட்டி, கோபம் என்று இருப்பவர்களுக்கு இதய நோய் அதிகம் வருகிறது என்றார்கள்.

பின்னால் வந்த ஆராய்ச்சிகள் இதை முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை. சுறுசுறுப்பும் அவசரமும் அவ்வளவு பெரிய குற்றவாளிகள் அல்ல. பிறரைப் பகையாகப் பார்க்கும் சிடுசிடுப்புதான் இதயத்துக்குக் கெடுதல் செய்கிறது என்ற கருத்து வலுத்தது.

ஆகவே, வேகமாக வேலை செய்கிறவர் பயப்படவேண்டியது இல்லை. வேலை செய்துகொண்டே வள்ளென்று விழுகிறவர்தான் யோசிக்கவேண்டும்.

தியானத்தால் பயன் இல்லையா?

இருக்கிறது. ஹெர்பர்ட் பென்சன் என்ற ஹார்வர்டு டாக்டர், தியானம் செய்கிறவர்களைச் சோதித்துப் பார்த்தார். அமைதியாக உட்கார்ந்து, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப நினைத்தால், மூச்சும் இதயத்துடிப்பும் நிதானம் ஆகின்றன என்று கண்டார். 1975-ம் ஆண்டில் இதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார்.

எனவே, காலையில் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்காருவது நல்லதுதான். ஆனால், அந்தப் பத்து நிமிடம் எங்கே இருந்து வருகிறது? அதுதான் கேள்வி.

யாருடைய நிம்மதி?

காலை 6 மணி. ஒரு வீடு. கணவர் கூடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்து இருக்கிறார். குழந்தைகள் சத்தம் போடக்கூடாது என்பது கட்டளை.

உள்ளே மனைவி என்ன செய்கிறாள்? ஒரு அடுப்பில் சோறு. இன்னொரு அடுப்பில் பால். இடுப்பில் சின்னக் குழந்தை. பெரிய பெண்ணுக்குத் தலை பின்னவேண்டும். நான்கு டப்பாக்களில் சாப்பாடு கட்டவேண்டும். அவளும் 9 மணிக்குள் வேலைக்குப் போகவேண்டும்.

அவருக்குத் தியானம். அவளுக்கு ஓட்டம்! அவருடைய பத்து நிமிடம், அவளுடைய பங்கில் இருந்து எடுத்தது.

இது வெறும் கற்பனை அல்ல. 2019-ம் ஆண்டில் இந்திய அரசாங்கம், மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கு எடுத்தது. 6 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைக் கேட்டார்கள். வீட்டு வேலை செய்யும் பெண், அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டாள். கிட்டத்தட்ட 5 மணி நேரம்! வீட்டு வேலை செய்யும் ஆண் செலவிட்டது 97 நிமிடம். அதுவும், ஆண்களில் 100-க்கு 26 பேர்தான் வீட்டு வேலையில் கை வைத்தார்கள். பெண்களில் 100-க்கு 81 பேர்.

2024-ம் ஆண்டில் மறுபடியும் கணக்கு எடுத்தார்கள். பெண்ணுக்கு 289 நிமிடம். ஆணுக்கு 88 நிமிடம். பெண்ணின் சுமையில் 10 நிமிடம் குறைந்தது. ஆணும் தன் பங்குக்கு 9 நிமிடத்தைக் குறைத்துக்கொண்டார்!

"வெயிலில் உழைத்துவிட்டு வருகிற ஆணுக்கு ஓய்வு வேண்டாமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பஸ் ஓட்டுகிறவர், சுமை தூக்குகிறவர், கட்டிட வேலை செய்கிறவர் களைத்துத்தான் வீடு திரும்புகிறார்கள். அவர்களுக்கு ஓய்வு வேண்டும்.

ஆனால், நாற்று நடும் பெண்ணும் வெயிலில்தான் நிற்கிறாள். சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணும் கல்லைத்தான் சுமக்கிறாள். அவள் வீட்டுக்கு வந்ததும் அடுப்பு காத்திருக்கிறது. இருவரும் களைத்து வந்தால், ஓய்வும் இருவருக்கும் வேண்டும். வேலையைப் பங்கு போட்டால்தான் ஓய்வையும் பங்கு போட முடியும்.

ஒருவரின் தலையில் சுமையை ஏற்றிவிட்டு, மற்றவர் அடையும் அமைதிக்குப் பெயர் அமைதி அல்ல. அது வசதி.

கோபம் இறங்கும் படிக்கட்டு

ஆபீசில் மேலதிகாரி திட்டுகிறார். அவரிடம் பதில் பேச முடியாது. வீட்டுக்கு வந்து மனைவி மீது எரிந்து விழுகிறார். அவள் மாமியாரிடம் பேச முடியாது. பிள்ளையின் முதுகில் ஒன்று வைக்கிறாள். பிள்ளை திருப்பி அடிக்க முடியாது. வாசலில் படுத்திருக்கும் நாயைக் காலால் எத்துகிறான்.

கோபம் எப்போதும் கீழே பார்த்துத்தான் இறங்குகிறது. "எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது" என்று சொல்லுகிறவருக்கு, மேலதிகாரியின் முன்னால் மட்டும் கண் நன்றாகத் தெரிகிறது!

திருக்குறளில் 'வெகுளாமை' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அது 31-வது அதிகாரம். அதன் முதல் குறளிலேயே வள்ளுவர் இந்த இடத்தைத் தொட்டுவிட்டார். கோபம் எங்கே பலிக்குமோ, அங்கே அதை அடக்குகிறவர்தான் உண்மையில் கோபத்தை அடக்குகிறவர் என்பது அவர் கருத்து. பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன?

மேலதிகாரியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது பொறுமை அல்ல. பால் டம்ளரைக் கொட்டிவிட்டு, நடுங்கிக்கொண்டு நிற்கும் குழந்தையிடம், "பரவாயில்லை, துணி எடுத்து வா, துடைத்துவிடலாம்" என்று சொல்வதுதான் பொறுமை.

மவுனம் இரண்டு வகை

மகாத்மா காந்தி திங்கட்கிழமைகளில் மவுன விரதம் இருந்தார். அன்று யாராவது கேள்வி கேட்டால், துண்டுச் சீட்டில் பதில் எழுதிக் கொடுப்பார். அந்த மவுனத்தில் கோபம் இல்லை. எதிரில் இருப்பவருக்குப் பதில் கிடைத்தது.

பல வீடுகளில் இன்னொரு மவுனம் இருக்கிறது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நான்கு நாள் பேசாமல் இருப்பது. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்" என்று பிள்ளையைத் தூது விடுவது.

இதைவிடக் கொடுமையானது மூன்றாவது ஒன்று. பேசினால் அடி விழும் என்று பயந்து, வாயை மூடிக்கொண்டு இருப்பது. வெளியே இருந்து பார்ப்பவர்கள், "அந்த வீட்டில் சத்தமே கேட்காது; தங்கமான குடும்பம்" என்பார்கள்.

சத்தம் இல்லாத வீடு எல்லாம் அமைதியான வீடு அல்ல. "பொறுத்துப் போ, பொறுத்துப் போ" என்று ஒருத்திக்கே புத்தி சொல்லிக்கொண்டு இருப்பதால் குடும்பத்தில் ஒற்றுமை வராது. அடியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் உபதேசம், உபதேசமே அல்ல.

சண்டை போடலாமா?

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-ம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. மனிதன் நல்லபடி வாழ எது தேவை என்று கண்டுபிடிப்பதே நோக்கம். பல்கலைக்கழக மாணவர்களையும், பாஸ்டன் நகரின் ஏழைக் குடும்பத்துப் பையன்களையும் சேர்த்து, 724 பேரை வாழ்நாள் முழுவதும் கவனித்து வந்தார்கள். ஆராய்ச்சியைத் தொடங்கியவர்கள் போய், அடுத்தடுத்த தலைமுறையினர் அதை நடத்தினார்கள். 80 ஆண்டுகளுக்கு மேல் அது நடந்தது.

முடிவு என்ன? பணமும் புகழும் முதல் இடத்துக்கு வரவில்லை. வீட்டாரோடும் நண்பர்களோடும் அன்பாக இருந்தவர்களே, உடல் நலத்தோடும் மன நலத்தோடும் அதிக நாள் வாழ்ந்தார்கள்.

இன்னொன்றும் தெரிந்தது. வயதான தம்பதிகளில் சிலர் அடிக்கடி வாய்ச்சண்டை போட்டார்கள். அதனால் கெடுதல் வந்துவிடவில்லை. "கஷ்டம் வந்தால் இவர் கைவிடமாட்டார்" என்ற நம்பிக்கை இருந்தவர்களுக்கு, முதுமையிலும் ஞாபகசக்தி நன்றாக இருந்தது.

ஆகவே, சண்டையே இல்லாத வீடு வேண்டும் என்று யாரும் ஆசைப்படவேண்டாம். சண்டை முடிந்ததும் சேர்ந்து சாப்பிடும் வீடு போதும்.

கடனை மறைக்காதீர்கள்

வயிற்றுக்கு இல்லாதவரிடம் போய், "மனதை அடக்கு" என்று சொல்வது அநியாயம். வேலை, கூலி, வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளம் இவற்றில் கவலை இருக்கும்வரை, கண்ணை மூடினாலும் கணக்குத்தான் தெரியும்.

இருக்கிற வருமானத்திலும் ஒன்று செய்யலாம். கணக்கைப் பொதுவில் வைக்கலாம். எத்தனையோ வீடுகளில், கடன்காரர் வாசலில் வந்து நின்ற பிறகுதான் கடன் வாங்கிய விஷயமே மனைவிக்குத் தெரிகிறது. வேறு வீடுகளில், மனைவி சீட்டுப் போட்டது கணவருக்குத் தெரியாது. மறைத்து வைத்த கடனுக்கு இரண்டு வட்டி: ஒன்றைப் பணமாகக் கட்டவேண்டும், இன்னொன்றைத் தூக்கமாகக் கட்டவேண்டும்.

மாதத்தின் முதல் வாரத்தில் கணவனும் மனைவியும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அரை மணி நேரம் உட்காரட்டும். வரவு இவ்வளவு, கடன் இவ்வளவு என்று எழுதட்டும். கடன் அன்றே தீராது. ஆனால், அதை இருவரும் சேர்ந்து சுமப்பார்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் நிம்மதி வேண்டும்

நம் வீட்டு மகிழ்ச்சி, அடுத்த வீட்டுக்காரரின் தூக்கத்தைக் கெடுக்கக்கூடாது. ஒலி மாசு பற்றி 2000-ம் ஆண்டில் வந்த விதிகளின்படி, பொதுவாக இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி வைக்கக்கூடாது. வீடுகள் உள்ள பகுதியில் இரவில் சத்தம் 45 டெசிபல் அளவைத் தாண்டக்கூடாது.

கல்யாணம் ஆகட்டும், காது குத்து ஆகட்டும், அரசியல் கூட்டம் ஆகட்டும், இந்த விதி எல்லோருக்கும் ஒன்றுதான். பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பெண் இருப்பாள். எதிர் வீட்டில் நோயாளிக் கிழவர் இருப்பார். அவர்களை நினைத்து ஒலிபெருக்கியை நிறுத்துகிறவருக்குச் செலவு ஒன்றும் இல்லை.

வீட்டுக்குள் செல்போனும் ஓர் ஒலிபெருக்கிதான். சாப்பாட்டு நேரத்திலாவது அதை அலமாரியில் வைத்தால், எதிரில் இருப்பவரின் முகம் தெரியும்.

டாக்டரிடம் போவது எப்போது?

வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை. எதிலும் பிடிப்பு இல்லை. காரணம் தெரியாமல் அழுகை வருகிறது. செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது. இப்படி இருந்தால், அது மனக்கோளாறு என்று மறைக்கவேண்டாம். "எல்லாம் உன் கற்பனை" என்று கேலி செய்யவும் வேண்டாம். காய்ச்சலுக்கு டாக்டரிடம் போவதுபோல, இதற்கும் டாக்டரிடம் போகவேண்டும்.

2022-ம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசாங்கம் 'டெலி மானஸ்' என்ற டெலிபோன் உதவியைத் தொடங்கியது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலும் பேசலாம்.

கடைசி விளக்கு

ஒரு வீட்டில் நிம்மதி இருக்கிறதா, இல்லையா என்று தெரிந்துகொள்ளப் பெரிய ஆராய்ச்சி தேவை இல்லை. இரவில் கடைசி விளக்கை அணைப்பவர் யார் என்று பார்த்தால் போதும்.

பெரும்பாலான வீடுகளில் அது அம்மாதான். எல்லோரும் படுத்த பிறகு, பாத்திரம் துலக்கி, மாவைக் கரைத்து வைத்து, கதவைத் தாழிட்டுவிட்டு வருகிறாள். காலையில் முதல் விளக்கைப் போடுபவளும் அவளே.

இன்று இரவு, சாப்பிட்டு முடித்ததும் கணவர் நான்கு தட்டுகளைத் துலக்கி வைக்கட்டும். மகன் மாவைக் கரைக்கட்டும். மகள் கதவைத் தாழிடட்டும். வேலை அரை மணி நேரம் முன்னதாக முடிந்துவிடும். அந்த அரை மணி நேரம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசட்டும். பிறகு விளக்கை அணைக்கட்டும்.

நிம்மதியான தூக்கம் எல்லோருக்கும் வரும். அம்மாவுக்கும்!